கட்டுப் பிரித்த பிறகு

(சிவகாசியில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டாரும் சுகாதாரத் தன்னார்வலர்களும் கூடிய கூட்டத்தில் ஓர் இயன்முறை மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னிடம் காலைக் காட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "கட்டுப் பிரிச்சாச்சு. எலும்பு கூடிருச்சுன்னு எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை வேலைக்குப் போகலாமா?" நான் பதிலுக்கு ரெண்டு கேள்வி கேட்பேன். சம்மணம் போட்டு உட்கார்ந்த இடத்திலிருந்து சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடிகிறதா? எழுந்த வேகத்திலேயே வாசலைத் தாண்டி ஓட முடிகிறதா?

"நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா போறேன், திரி சொருகத்தானே போறேன்" என்பார்கள். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவருக்கு அந்தப் பேச்சு பொருந்தும். பட்டாசு மருந்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்குப் பொருந்தாது. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது, வாசலை மறித்து எதையும் அடுக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்றெல்லாம் பட்டாசு ஆலைக்கு விதி வைத்திருக்கிறார்களே, எதற்காக? பொறி பட்டால் ஆள் எழுந்து வெளியேற வேண்டும் என்பதற்காக. வாசலைப் பற்றி யோசித்த அளவுக்கு அந்த வாசலைத் தாண்ட வேண்டிய காலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அதைப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி நம் பக்கத்து முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். கால் திடமாக இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது இறந்தவர்கள் மேல் பழி போடுவதாகும். அன்று உதவிக்கு ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க நின்றவர்களுமே பலர் மாண்டார்கள். அளவுக்கு மீறி மருந்து வைப்பது, உள்குத்தகைக்கு விடுவது, வெயில் ஏறிய பிறகும் கலவை போடுவது, இவையெல்லாம் காரணங்கள். அவற்றுக்கு வேறு மேடையில் பதில் வாங்க வேண்டும். நான் பேசுவது சின்ன விபத்துகளைப் பற்றி. ஒரு சீறல், ஒரு புகை, "ஓடுங்கடீ" என்று ஒரு சத்தம் வந்து, பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகிற நாட்கள் உண்டு. அந்த நாட்களில்தான் வாசற்படியில் தடுக்கியும், கரிசல் காட்டு வெடிப்பில் பாதம் மாட்டியும் கரண்டைக்கால் பிசகுகிறது. ஏற்கெனவே ஒருமுறை பிசகிய காலாக இருந்தால் அது நாலு எட்டுக்குள் மறுபடி மடிந்துவிடும்.

நம் பக்கத்தில் கரண்டைக்கால் பிசகுவதற்கு ஆலைதான் வேண்டும் என்பதும் இல்லை. விடியற்காலை இருட்டில் வேனிலிருந்து இறங்கும்போது பிசகும். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறி இறங்கிய மறுநாள் வருகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கன்குடிக்கு நடந்து போய்த் திரும்புகிற பாதயாத்திரைக்காரர்கள் வருகிறார்கள். கபடி ஆடுகிற பையன்களைச் சொல்லவே வேண்டாம்.

பிசகினால் உள்ளே என்ன நடக்கிறது? கெண்டைக்காலில் ரெண்டு எலும்பு இறங்கி வருகிறது. உட்பக்கம் துருத்துவது ஒரு மொழி, வெளிப்பக்கம் துருத்துவது ஒரு மொழி. இந்த ரெண்டுக்கும் நடுவே பாதத்தின் எலும்பு பொருந்தியிருக்கிறது. எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்க இரு பக்கமும் நார்கள் உண்டு. உட்பக்கத்து நார் அகலமானது, பலமானது. வெளிப்பக்கம் மூன்று தனித்தனி நார்கள்; அவற்றில் முன்னால் இருப்பதுதான் ஆக மெலிந்தது. பாதம் உள்நோக்கி மடங்கும்போது முதலில் கிழிவது அதுதான். பிசகும் கால்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி உள்நோக்கி மடங்கியவையே. நார் வெறுமனே இழுபட்டிருந்தால் ரெண்டு மூன்று வாரம். பாதி கிழிந்திருந்தால் ஒன்றரை மாதம் வரை. முழுக்க அறுந்திருந்தால் மூன்று மாதம்கூட ஆகும்.

கிழிந்த நார் தானாகவே ஒட்டிக்கொள்ளும். உடம்புக்கு அந்தத் திறமை உண்டு. ஆனால் ஒட்டியது சரியான நீளத்தில், சரியான பலத்தில் ஒட்ட வேண்டுமென்றால் அளவாக இழுத்துக்கொடுக்க வேண்டும். அசைக்காமல் வைத்தால் தொய்ந்த கயிற்றுக் கட்டில் மாதிரி ஆகிவிடும். கட்டில் இருக்கும், படுத்தால் தாங்காது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த நார்களுக்குள் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது, தரை மேடா பள்ளமா என்று நொடிக்கு நொடி மூளைக்குச் சொல்வது அவைதான். இருட்டில் கண்ணால் பார்க்காமலே படி இறங்குகிறோமே, அது இவற்றால்தான். நார் கிழியும்போது இந்த முனைகளும் சேதமாகின்றன. பாதம் சாய்கிறது என்ற சேதி பிந்தி வருகிறது. தசை இழுத்துப் பிடிப்பதற்குள் கால் மடங்கிவிடுகிறது. 1965-இல் இங்கிலாந்தில் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர் இதை எழுதினார். ஆடும் பலகை மேல் நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தவர்களுக்கு, வெறும் கட்டோ ஓய்வோ பெற்றவர்களைவிடக் கால் "நழுவுவது" குறைந்ததைக் காட்டினார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் தொழிலின் நடுவே நிற்பது அந்தக் கண்டுபிடிப்புதான். வலி போய்விட்டது என்பதாலேயே காலுக்கு அந்த உணர்வு திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதைத் திரும்பப் பழக்க வேண்டும்.

முதல் நாளுக்கு வருகிறேன். கால் மடங்கியதும் நம் வீடுகளில் நடப்பது என்ன? யாராவது ஒரு பெரியம்மா வந்து எண்ணெய் போட்டு உருவி விடுவார். பெரியம்மாவின் பிரியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தை அழுத்தி உருவினால் கசிவு அதிகமாகும், வீக்கம் ரெட்டிப்பாகும். எலும்பில் விரிசல் இருந்தால் அது விலகிவிடும். கொதிக்கக் கொதிக்க உப்பு ஒத்தடமும் முதல் ரெண்டு மூன்று நாளைக்கு வேண்டாம். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணை அடுக்கித் தூக்கி வையுங்கள். கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல் நோக்கிச் சுற்றுங்கள். விரல் நுனி நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே தளர்த்துங்கள். ஐஸ் வைத்தால் துணியில் சுற்றி, ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போதும். ஐஸ் வலியைக் குறைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எக்ஸ்ரே எப்போது வேண்டும்? 1992-இல் கனடாவில் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு விதி வகுத்தார்கள். இன்று உலகம் முழுக்க அதைப் பின்பற்றுகிறார்கள். அதைத் தன்னார்வலர்கள் மனசில் பதித்துக்கொள்ளுங்கள். அடிபட்டவுடனும், பிறகு ஆஸ்பத்திரியில் பார்க்கும்போதும் நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். இரு மொழிகளின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. தூரத்துக்குள் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதென்றாலும் வேண்டும். சுண்டுவிரலிலிருந்து பின்னால் வந்தால் பாதத்தின் நடுவில் வெளிப்பக்கம் ஒரு எலும்பு முட்டும், அங்கே வலித்தாலும், உட்பக்கம் பாத வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பில் வலித்தாலும் வேண்டும். இவற்றில் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் எலும்பு முறிவு இருக்காது. வலிக்கிற இடம் எலும்பா, அதற்கு முன்னால் இருக்கும் மெத்தென்ற சதையா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்தே பிரித்துவிடலாம். இந்த விதி பெரியவர்களுக்கானது. சின்னப் பிள்ளைகளையும், சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களையும் யோசிக்காமல் கூட்டிப் போய்விடுங்கள்.

நாட்டுக்கட்டுக்குப் போகிறவர்களும் இங்கே இருப்பீர்கள். முட்டையின் வெண்கருவும் உளுந்து மாவும் குழைத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். எலும்பு விலகாமல் இருந்தால் எந்தக் கட்டுக்குள்ளும் அது கூடத்தான் செய்யும். கரண்டைக்காலில் சிக்கல் என்னவென்றால், அது உடம்பின் முழுப் பாரத்தையும் தாங்குகிற மூட்டு. எலும்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகிக் கூடினாலும் பிற்காலத்தில் மூட்டு தேய்ந்துவிடும். அதனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் எந்தக் கட்டும் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். வெறும் பிசகு என்று உறுதியானால், ரெண்டாம் மூன்றாம் நாளே தொடங்கிவிடலாம். படுத்தபடியே பாதத்தை மேலே, கீழே அசையுங்கள். பெருவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் அ, ஆ எழுதுங்கள். உயிரெழுத்து பன்னிரண்டையும் எழுதி முடிப்பதற்குள் மூட்டு எல்லாத் திசையிலும் அசைந்திருக்கும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை செய்யலாம். வலி லேசாக இருக்கலாம். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த மறுநாள் காலை வீக்கத்தைத்தான் நான் ஒவ்வொரு கட்டத்திலும் கவனிக்கச் சொல்வேன்.

அடுத்து, பாதத்தை மேல் நோக்கி மடக்கும் அளவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நம் ஆட்களுக்கு இது மிக மிக முக்கியம். மேலைநாட்டுப் புத்தகங்கள் நடப்பதற்கு வேண்டிய அளவைச் சொல்லி நிறுத்திவிடும். அது 10 பாகை அளவு. நமக்கு அது பத்தாது. குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், கோலம் போட வேண்டும், கழிப்பறையில் குந்த வேண்டும், வேலையே தரையில்தான். இதற்கெல்லாம் கரண்டைக்கால் முழுசாக மடங்க வேண்டும். ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி, முட்டியை நீட்டி உட்கார்ந்து, துண்டை நம் பக்கம் இழுத்து அரை நிமிஷம் பிடியுங்கள். மூன்று தடவை. வலி தணிந்ததும் சுவரைப் பார்த்து நின்று, பாதத்தைத் தரையில் பதித்து, குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொடப் பாருங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி தொடுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு தூரம் வரை தொட முடிகிறது என்று பிள்ளைகளின் அளவுகோலால் அளந்து சுவரிலேயே குறித்துவையுங்கள். நல்ல காலையும் அதே மாதிரி அளந்து பாருங்கள். பலருக்கு நல்ல கால் 10 செ.மீ.க்குக் குறையாமல் வரும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு செ.மீ.க்குள் குறையும்வரை விடாதீர்கள்.

பலத்துக்குப் பயிற்சி குதிகாலைத் தூக்குவதுதான். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு ரெண்டு குதிகாலையும் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். இறக்குவதில்தான் பலன் அதிகம்; மூன்று எண்ணும்வரை இறங்க வேண்டும். பதினைந்து தடவை வலியில்லாமல் வந்ததும் ரெண்டு காலால் தூக்கி அடிபட்ட காலால் மட்டும் இறக்குங்கள். அதற்கடுத்து ஒற்றைக் காலால் தூக்கி ஒற்றைக் காலாலேயே இறக்க வேண்டும். நடுத்தர வயது ஆரோக்கியமான ஆள் ஒற்றைக் காலில் 20, 25 தடவை தூக்க முடியும். நல்ல காலில் எத்தனை வருகிறதோ அதுவே உங்கள் இலக்கு. வெளிப்பக்கத்துத் தசையை மறந்துவிடாதீர்கள். பாதம் உள்ளே மடங்காமல் காப்பாற்றுவது அதுதான். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தின் வெளி விளிம்பைச் சுவரில் வைத்துத் தள்ளுங்கள். பத்து எண்ணும்வரை. காசு கொடுத்து ரப்பர் பட்டை வாங்க வேண்டியதில்லை. சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி வைத்துக்கொண்டால் அதே வேலையைச் செய்யும்.

பிறகு நான் சொன்ன அந்த உணர்வுப் பயிற்சி. காலையில் பல் தேய்க்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். அரை நிமிஷம் ஆடாமல் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், பக்கத்தில் சுவர் இருக்கட்டும். அதுவும் வந்துவிட்டால் மடித்த போர்வையின் மேல் நில்லுங்கள். நின்றபடி யாராவது எறியும் பந்தைப் பிடியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களே இதைச் சந்தோஷமாகச் செய்வார்கள். ஆறு வாரமாவது தினமும் செய்ய வேண்டும். எல்லோரும் விட்டுவிடுவது இந்தப் பயிற்சியைத்தான். ஏனென்றால் இந்தக் கட்டத்துக்கு வரும்போது வலி போயிருக்கும், சம்பளம் போய்க்கொண்டிருக்கும்.

எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஆறு வாரம் அசையாமல் இருந்த காலைக் கட்டுப் பிரித்துப் பார்க்கும்போது மனசு உடைந்துபோகும். கெண்டைச் சதை பாதியாக இளைத்திருக்கும். தோல் செதில் செதிலாக உரியும். தொங்கப் போட்டால் நிறம் மாறும், சாயங்காலம் வீங்கும். இதெல்லாம் எதிர்பார்க்க வேண்டியதுதான். பயந்து நடையை நிறுத்த வேண்டாம். தகடும் ஸ்க்ரூவும் வைத்தவர்கள் எப்போது, எவ்வளவு பாரம் போடலாம் என்பதை அறுவை செய்த மருத்துவர் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டுக்குள் இருக்கும்போதே விரல்களை அசைப்பதும், முட்டியையும் இடுப்பையும் வேலை வாங்குவதும் பாதி வெற்றி. ஓர் எச்சரிக்கை: கெண்டைச் சதை திடீரென்று கல்லாக இறுகி வலித்தாலோ, ஒரு கால் மட்டும் பெரிதாக வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ பயிற்சி செய்யாதீர்கள், தேய்த்துவிடாதீர்கள். இரத்தம் கட்டியிருக்கலாம். அப்படியே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த ஊரில் கட்டாயம் சொல்ல வேண்டியது. தீப்பட்ட கரண்டைக்கால்.

நெருப்பு காலில் பட்டவர்களை ஆஸ்பத்திரியில் காப்பாற்றுகிறார்கள். தோல் ஒட்டுகிறார்கள். புண் ஆறி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பாதம் கீழ் நோக்கித் தொங்கி, குதிகால் தரையில் படாமல், அந்த ஆள் நுனிக்காலில் நடக்கிறார். என்ன நடந்தது? ஆறும் தோல் சுருங்கும். பல மாதங்களுக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும். கெண்டைக்காலின் பின்பக்கம் வெந்திருந்தால் குதிகாலை மேலே இழுக்கும். பாதத்தின் மேற்பக்கம் வெந்திருந்தால் விரல்களை மேலே வளைத்துத் தூக்கிவிடும். செருப்பே போட முடியாது. நோயாளிக்கு எந்த நிலை சுகமாக இருக்கிறதோ அந்த நிலையிலேயே மூட்டு இறுகிப்போகும். முட்டிக்குக் கீழே தலையணை வைத்து, பாதம் தொங்கியபடி படுப்பது சுகமாக இருக்கும். பார்த்துக்கொள்கிற அம்மாவும் பாசத்தோடு அந்தத் தலையணையை வைப்பார். அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். முதல் நாளிலிருந்தே பாதம் கெண்டைக்காலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்கென்று அச்சு எடுத்துச் செய்த ஸ்பிளிண்ட் உண்டு. அது வரும்வரை பாதத்துக்கு அண்டை கொடுத்தாவது அந்த நிலையில் நிறுத்தலாம். குதிகால் எதிலும் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கே படுக்கைப்புண் வரும்.

ஒட்டுத்தோல் பிடிப்பதற்கு ஐந்து நாள் போல அசைக்காமல் வைப்பார்கள். மருத்துவர் அனுமதித்ததும் அசைக்க வேண்டும். வலிக்கும், அழுகை வரும். வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்தால் தாங்க முடியும். காலைத் தொங்கப் போடுவதற்கு முன் கிரேப் பேண்டேஜ் சுற்றியாக வேண்டும். புண் முழுசாக மூடியதும், அளவெடுத்துத் தைத்த இறுக்கமான காலுறையை நாளைக்கு 23 மணி நேரம் போட வேண்டும். குளிக்கவும் எண்ணெய் தடவவும் மட்டும்தான் அதைக் கழற்றலாம். ஓராண்டு, சிலருக்கு ரெண்டாண்டு. மே மாத சிவகாசி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அரிப்பும் சேர்ந்துகொள்ளும். ரெண்டு உறை தைத்து மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். தழும்பில் தினமும் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவி, தழும்பு வெளிறும்வரை அழுத்தி நீவுங்கள். பிசகிய காலை உருவ வேண்டாம் என்ற நான் இங்கே நீவச் சொல்கிறேன். அது புதுக் காயம், இது ஆறிய தோல். அப்படி நீவிக்கொண்டே பாதத்தை மடக்குங்கள். தழும்பு சிவப்பாகவும் தடிப்பாகவும் இருக்கும்வரை அது சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதுவரை பயிற்சியை நிறுத்தக் கூடாது.

இப்படிப்பட்ட தோலில் சூடு, வலி தெரியாமல் போகலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த பால் பிராண்ட், விரல்களும் பாதங்களும் அழிவதற்குப் பெருங்காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று கண்டார். வலி தெரியாத பாதம் முள்ளையும் கொப்புளத்தையும் சொல்லாது. அதனால் ராத்திரி படுக்கப்போகும்முன் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள், கண்ணாடி வைத்தாவது பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களும் அப்படியே.

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்ற பெண் மருத்துவர் இருந்தார். 1954-இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். 1966-இல் வேலூரில் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் உருவானது. நமக்கு இன்னும் பக்கத்தில், தென்காசி அருகே ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மறுவாழ்வு என்பது பணக்காரர் சமாச்சாரம், நகரத்துச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்த ரெண்டு பேரையும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் அதைக் கட்டியெழுப்பியவர்கள் தாங்களே விழுந்து எழுந்தவர்கள்.

சரி, இவ்வளவும் செய்ய நேரம் ஏது, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு ஒரு நாள் ஓய்வு என்பது ஒரு நாள் பட்டினி. ஆனால் உங்களுக்குச் சட்டப்படி வர வேண்டிய பணம் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் பதிவு உள்ளவருக்கு வேலையில் அடிபட்டு, விபத்து நடந்த நாளைத் தவிர்த்து 3 நாளாவது வேலைக்குப் போக முடியாமல் போனால், தற்காலிக ஊனத்துக்கான தொகை சம்பளத்தில் 90 சதவீத அளவுக்குக் கிடைக்கும். வேலைக்குத் தகுதி இல்லை என்று மருத்துவர் சான்று தரும் காலம் முழுவதும் கிடைக்கும். மூட்டு நிரந்தரமாக இறுகிவிட்டால் மருத்துவக் குழு முன் நின்று அதற்கும் கேட்கலாம். பலருக்குத் தெரியாதது இன்னொன்று: வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்புடையது என்று நிரூபித்தால் வேலை விபத்தாகவே கருதப்படும். 2010-இல் செய்த திருத்தம் இது. வேனிலிருந்து இறங்கும்போது பிசகிய காலுக்கும் இது பொருந்தலாம். அன்றைக்கே ஆலையில் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதவையுங்கள். "ரெண்டு நாள்ல சரியாப்போகும்" என்று சொல்லாமல் விட்டவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

பயிற்சியைக் கற்றுக்கொள்ளச் சிவகாசியில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வர வழி உண்டு. இரத்த அழுத்த மாத்திரை கொடுக்கப் போகும்போது, தன்னார்வலர்களே, அந்த வீட்டில் நொண்டி நடப்பவர் யாராவது இருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

போர்மேன் அண்ணாச்சிமார்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுப் பிரித்து வருகிறவரை நேராக மருந்து அறைக்குள் உட்கார வைக்காதீர்கள். லேபிள் ஒட்டுவது, பெட்டி போடுவது என்று மருந்து இல்லாத இடத்தில், நாற்காலியும் மேசையும் உள்ள வேலை சில வாரம் கொடுங்கள். கூலி குறையாமல் கொடுங்கள். அவர் தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, ஒற்றைக் காலில் அரை நிமிஷம் நின்று, வாசல் வரை நொண்டாமல் ஓடிக் காட்டிய பிறகு உள்ளே அனுப்புங்கள். இதற்கு அரசாங்க உத்தரவு வர வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அது வரும்வரை உங்கள் சொல்தான் உத்தரவு.

கடைசியாக, பழைய பிசகு உள்ளவர்களுக்கு. முதல் தடவை பிசகியவர்களில் பத்துக்கு மூன்று நாலு பேருக்குக் கால் அடிக்கடி நழுவுவது வருஷக் கணக்கில் தொடர்கிறது. "அது அப்படித்தான், ராசியில்லாத கால்" என்று விட்டுவிட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். ஐந்து வருஷம் ஆகியிருந்தாலும் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியும் குதிகால் தூக்குவதும் பலன் தரும். நரம்பும் தசையும் எந்த வயதிலும் பழகும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் நழுவினால் நாரைச் சரிசெய்ய அறுவை இருக்கிறது, எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இப்போது கூட்டம் முடிந்ததும் இடது பக்கச் சுவரோரம் நிற்பேன். அளவுகோல் கொண்டுவந்திருக்கிறேன். பழைய பிசகு உள்ளவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக வாருங்கள். முட்டி சுவரைத் தொடுகிற தூரத்தை ரெண்டு காலிலும் அளந்து, யாருக்கு எந்தப் பயிற்சி என்று எழுதித் தருகிறேன்.